மேக்கப் கிட் வாங்கப் போறேன் டாக்டர், எந்த ஸ்கின்னுக்கு எந்த ஃபவுண்டேஷன்?

தென் மாவட்டத்துல ஒரு சின்ன டவுன்ல இருந்து 28 வயசு தங்கச்சி ஒருத்தங்க நீளமா எழுதியிருக்காங்க. பேரு ஊரு வேணாம்னு கேட்டதால எடுத்துட்டேன். குழந்தை பிறந்ததும் வேலைய விட்டவங்க, பொண்ணு ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் மூணு மாச பியூட்டீஷியன் கோர்ஸ் முடிச்சிருக்காங்க. மகளிர் குழு லோன்ல 20,000 ரூபா கையில இருக்கு, அதுல முதல் கிட் வாங்கணும். ஆயிலி, டிரை, காம்பினேஷன், நார்மல், சென்சிடிவ்னு அஞ்சு வகை, ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபவுண்டேஷன் செட் வேணும்னு கோர்ஸ்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க. கடைக்காரர் ஒரு பெரிய பெட்டியக் காட்டி இதுல எல்லாமே இருக்குன்னு சொல்லியிருக்காரு.

இதுக்கு நடுவுல இருக்கிற பொருள வச்சு ரெண்டு பேருக்கு மேக்கப்பும் போட்டாச்சு. சொந்தக்காரப் பொண்ணு நிச்சயதார்த்தத்துல நேர்ல பளிச்சுன்னு இருந்த முகம் போட்டோவுல சாம்பல் கலர்ல வந்திருக்கு. அடுத்தது பக்கத்துத் தெருப் பொண்ணோட வளைகாப்பு. ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணுக்கு முகமெல்லாம் அரிப்பு, பொடிப்பொடியா வந்து செவந்து போச்சு, அவங்க வீட்டுல சண்டைக்கு வந்து ஆஸ்பத்திரி செலவைக் கேக்குறாங்க. "ஆயிலி ஸ்கின்னுக்கு டிரை ஸ்கின் ஃபவுண்டேஷன் போட்டுட்டேன் போல, அதான் பிம்பிள் வந்துடுச்சு, நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லையோ"ன்னு எழுதியிருக்காங்க. கடைசியில போற போக்குல ஒரு வரி, அந்தப் பொண்ணு ஃபேன்ஸி ஸ்டோர்ல வாங்குற ஒரு நைட் க்ரீம ஒரு வருஷமா போடுதாம், அதுல முகம் நல்லா வெளுத்திருக்காம்.

தங்கச்சி, நீங்க ஃபவுண்டேஷனப் பத்திதான் கேட்டீங்க, ஆனா நான் அந்தக் கடைசி வரியில இருந்துதான் ஆரம்பிக்கணும்.

முதல்ல அந்தப் பொண்ணு

பாக்காம இதுதான்னு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா நீங்க நினைக்கிற காரணம் அனேகமா இல்லைங்க. ஃபவுண்டேஷன்ல இருக்கிற எண்ணெயால துவாரம் அடைச்சு பரு வரணும்னா அதுக்கு வாரக்கணக்கு ஆகும், ஒரு நாள் போட்ட மேக்கப்ல ரெண்டு நாள்ல முகம் முழுக்க வராது. அரிப்போட, ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள செவந்து பொடியா வந்தா எனக்கு முதல்ல தோணுறது அலர்ஜி. வாசனைக்காகச் சேக்குற பொருள், கெட்டுப்போகாம இருக்கப் போடுற பிரிசர்வேட்டிவ், பொய் இமைமுடி ஒட்டுற பசை, எதுல வேணா இருக்கலாம். அடுத்த சந்தேகம் ஸ்பாஞ்ச், ஒரே ஸ்பாஞ்ச ரெண்டு பேருக்கும் யூஸ் பண்ணினதா நீங்களே எழுதியிருக்கீங்க. ஆனா இந்த ரெண்டையும் விட எனக்குப் பயமா இருக்கிறது அந்த நைட் க்ரீம்தான்.

லேபிள் சரியில்லாம விக்கிற வெளுப்பு க்ரீம்கள்ல ரெண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கலாம். ஒண்ணு ஸ்டீராய்டு. முதல் மாசம் முகம் கண்ணாடி மாதிரி ஆகும், அப்புறம் தோல் மெலிஞ்சு, லேசா வெயில் பட்டாலே எரிஞ்சு, மெல்லிசா முடி வளந்து, பொடிப்பொடியா பரு வரும், க்ரீம ஒரு நாள் விட்டாலே முகம் கொதிக்கும். அந்த மாதிரி முகத்துல எவ்வளவு நல்ல ஃபவுண்டேஷன் போட்டாலும் எரியத்தான் செய்யும். இன்னொண்ணு பாதரசம். நம்ம நாட்டுச் சட்டப்படி காஸ்மெடிக்ஸ்ல பாதரசம் வேணும்னு சேக்கவே கூடாது, தற்செயலா கலந்திருந்தாலும் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு தாண்டக் கூடாது (கண்ணுக்குப் போடுற பொருளுக்கு மட்டும் தனி அளவு இருக்கு). அதைத் தாண்டின க்ரீம் போட்டு கிட்னி பாதிச்சவங்களைப் பத்தி கேரளாவுல மலப்புரம் பக்கத்து டாக்டர்களே பதிவு பண்ணியிருக்காங்க. வயித்துல குழந்தை இருக்கிறப்ப பாதரசம் தாய்க்கு மட்டும் போற விஷயம் இல்ல, குழந்தைக்கும் போகும்.

அதனால சண்டையக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, வீட்டுல பெரியவங்க ஒருத்தரக் கூட்டிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போங்க. அந்த க்ரீம் டப்பாவையும், நீங்க போட்ட எல்லாப் பொருளோட லேபிள் போட்டோவையும் எடுத்துக்கிட்டு ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, பக்கத்துல இருக்கிற அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயே தோல் பிரிவு இருக்கும். மகப்பேறு டாக்டர்கிட்டயும் அந்த க்ரீமப் பத்தி மறைக்காம சொல்லணும். பாதரசச் சந்தேகம் இருக்கிறதால அதை இன்னிக்கே நிறுத்திடணும், ஆனா நிறுத்தினதும் முகம் முன்னைவிட மோசமாகிற மாதிரி இருக்கும், அதைப் பாத்து பயந்து மறுபடி போட ஆரம்பிச்சிடக் கூடாது, அந்த எரிச்சலுக்கு டாக்டர் வைத்தியம் குடுப்பாங்க. எந்தப் பொருள் ஒத்துக்கலன்னு கண்டுபிடிக்கிற பேட்ச் டெஸ்ட பொதுவா பிரசவத்துக்கு அப்புறம்தான் வைப்பாங்க.

செலவு விஷயம், இது என் துறை இல்லைங்க, ஆனா எனக்கு நியாயமாப் படுறத சொல்றேன். நீங்க காசு வாங்கிக்கிட்டு செஞ்ச வேலைன்னா அந்தப் பொண்ணுக்கு நுகர்வோர் கோர்ட்டுல புகார் குடுக்கிற உரிமை இருக்கு, அதே நேரம் காரணம் உங்க மேக்கப்தான்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. முதல் கன்சல்டேஷன் செலவ நானே குடுக்கிறேன்னு நல்ல மனசோட சொல்லுங்க. எல்லாமே என் தப்புதான்னு எழுதியெல்லாம் குடுக்க வேணாம். போட்ட பொருள் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, டாக்டர் என்ன சொல்றாங்கன்னு தெரியிற வரைக்கும் தனியா ஒரு கவர்ல எடுத்து வைங்க.

அஞ்சு வகைக்கு அஞ்சு செட்டு வேணாம்

இப்ப கிட்டுக்கு வரேன். ஸ்கின் டைப் தெரிஞ்சுக்கிறது அவசியம், அதுல கோர்ஸ் சொல்லிக் கொடுத்தது தப்பில்ல. ஆனா டைப் மாத்தி மாத்தி ஃபவுண்டேஷன் வாங்கினா உங்க 20,000 ஒரே வாரத்துல காலி, ஷேடு மட்டும் யாருக்கும் செட் ஆகாது. ஒரே பொண்ணோட முகம் சித்திரையில எண்ணெய் வழியும், மார்கழியில வறண்டு உரியும், பீரியட்ஸ் நேரத்துல வேற மாதிரி இருக்கும். எண்ணெயையும் வறட்சியையும் ஃபவுண்டேஷனுக்கு அடியில போடுறதுலயும் மேல போடுறதுலயும் முக்கால்வாசி சமாளிச்சுடலாம், ஷேடு தப்பானா மேல எதப் போட்டும் காப்பாத்த முடியாது. அதனால காச ஷேடுல போடுங்க, டைப்ப தயாரிப்புல பாத்துக்கோங்க. நான் சொல்ல வரதே இவ்வளவுதான், மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம்.

ஃபவுண்டேஷன்னா உள்ள என்னன்னு பாத்தா, வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, மஞ்சள் சிவப்பு கருப்புக்கு அயர்ன் ஆக்ஸைடு, இந்த நாலையும் தண்ணி, சிலிக்கான், எண்ணெய் இதுல ஏதோ ஒரு கலவையில மிதக்க விட்டிருப்பாங்க. டைமெத்திகோன்னு லேபிள்ல பாத்துட்டு அய்யோ சிலிக்கான், பரு வரும்னு பயப்பட வேணாம், அது துவாரத்த அடைக்கிற பொருள் இல்ல. பாக்க வேண்டியது வேற, முழுக்க தண்ணியா இருக்கிற பிரைமருக்கு (ஃபவுண்டேஷனுக்கு முன்னாடி அடியில போடுறது) மேல சிலிக்கான் அதிகமான ஃபவுண்டேஷன் போட்டா, இல்ல அடியில போட்டது உள்ள இறங்குறதுக்குள்ள அவசரப்பட்டு மேல போட்டா, காயாத சுவத்துல பெயின்ட் அடிச்ச கதைதான், திரிதிரியா உருண்டு வரும். புதுசா எது வாங்கினாலும் உங்க கையிலயே ஒண்ணுக்கு மேல ஒண்ணு போட்டு தேச்சுப் பாத்துடுங்க.

எண்ணெய் வடியிற முகத்துக்கு மாய்ஸ்சரைசரே வேணாம்னு நிறைய பேர் விட்டுடுறாங்க, அது தப்பு. ஜெல் மாதிரி லேசா ஒண்ணு போட்டு பத்து நிமிஷம் விடுங்க, மேல மிச்சம் இருக்கிறத டிஷ்யூவால ஒத்தி எடுங்க, அப்புறம் ரொம்ப நேரம் நிக்கிற, பளபளப்பு இல்லாத லாங்வேர் மேட் லிக்விட மெல்லிசா ரெண்டு தடவையாப் போடுங்க. பவுடர முகம் முழுக்க கொட்டாம நெத்தி, மூக்கு, தாடையில மட்டும் அழுத்தி வைங்க. நம்ம ஊர்ல முகூர்த்தம்னா விடியக்காலையில உக்காந்து, ஹோமப் புகை, அனல், வீடியோ லைட்டு, இதுல மெழுகும் எண்ணெயுமா இருக்கிற ஸ்டிக் ஃபவுண்டேஷன தடிமனா அப்பினா தாலி கட்டுறதுக்குள்ள மூக்கோரம் பிளந்துடும். கோர்ஸ்ல வாங்கின ஸ்டிக்க தூக்கிப் போட வேணாம், தழும்பு, கருமை இருக்கிற இடத்துல மட்டும் தொட்டு வைக்க அது நல்ல பொருள்.

வறண்ட முகத்துக்கு நேரம்தான் மருந்து. கிளிசரின், ஹையலூரானிக் ஆசிட் இருக்கிற க்ரீம போட்டு பதினஞ்சு நிமிஷம் பொண்ணு புடவை மடிப்ப பாத்துக்கிட்டு இருக்கட்டும், நீங்க ஹேர் ஆரம்பிச்சுடுங்க. மினுமினுப்பு ஃபினிஷ் லிக்விட், ஈரமான ஸ்பாஞ்ச், பவுடர் கண்ணுக்குக் கீழ மட்டும். அம்மா மாமியார் வயசுக்காரங்களுக்கும் இதேதான், பவுடர் ஏற ஏற சுருக்கம்தான் எடுத்துக் காட்டும். ஒரு விஷயம், புருவத்துலயும் மூக்கோரத்துலயும் மட்டும் செதில் செதிலா உரிஞ்சா அது வறட்சி இல்லைங்க, பெரும்பாலும் பொடுகு முகத்துக்கு இறங்கினது, அதுக்கு எண்ணெய் க்ரீம் போட்டா கூடிடும், டாக்டரப் பாக்கச் சொல்லிடுங்க.

காம்பினேஷன்னா மேல சொன்ன ரெண்டையும் இடம் பாத்து செய்யிறது, அவ்வளவுதான்.

சென்சிடிவ் மட்டும் வேற ரகம். அத முகத்தப் பாத்து கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். ஹேர் டை அடிச்சு அரிச்சிருக்கா, கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகுமா, ஸ்டிக்கர் பொட்டு வச்ச இடத்துல கருப்பாவோ வெள்ளையாவோ ஆகியிருக்கா, ஆஸ்துமா, எக்ஸிமா உண்டா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா, ராத்திரி என்ன க்ரீம் போடுறீங்க. கடைசிக் கேள்விய யார்கிட்டயும் விடாதீங்க. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு தோலும் உதடும் காஞ்சு மெலிஞ்சிருக்கும், வாக்ஸிங் பண்ணினா தோலோட வந்துடும். ஹெர்பல், ஆர்கானிக்னு போட்டிருந்தா சென்சிடிவ் ஸ்கின்னுக்கு சேஃப்னு எழுதியிருக்கீங்க, அதயும் மாத்திக்கோங்க. எலுமிச்சை, வாசனைத் தைலங்கள் இதுங்கதான் எங்க ஓபிக்கு நிறைய பேர அனுப்புது. வாசனை சேக்காததுன்னு லேபிள்ல இருக்கிறதப் பாருங்க. நான்-காமெடோஜெனிக், அதாவது துவாரத்த அடைக்காதுன்னு எழுதியிருக்கிறத முழுசா நம்பவும் வேணாம், அந்தச் சோதனை முயல் காதுல ஆரம்பிச்சது, அந்த வார்த்தைய அச்சடிக்க கம்பெனிக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி சோதனை பண்ணணும்னு கட்டாயம் எதுவும் கிடையாது.

கேட்டதுல ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு வந்தா, போடப் போற ஃபவுண்டேஷன், பிரைமர் ரெண்டையும் முழங்கை மடிப்புல தடவி ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. அலர்ஜி உடனே தெரியாது, 48 மணி நேரமாவது குடுக்கணும். அதனால ட்ரையல ஒரு வாரம் முன்னாடியே வச்சுக்கோங்க.

போட்டோ ஏன் சாம்பலாச்சு

ரெண்டு ஷேடு கம்மியாப் போட்டா முகம் பளிச்சுன்னு இருக்கும்னு நினைச்சேன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் காரணம். வெளிர் ஷேடுன்னா வெள்ளை நிறமி ஜாஸ்தி, அது நம்ம மாநிறத்துக்கும் கருப்புக்கும் மேல உக்காந்தா நீலம் கலந்த சாம்பலாத்தான் தெரியும். அது போக மேல எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு) உள்ள பொருள், வெள்ளை சிலிக்கா பவுடர் அதிகமாப் போட்டிருந்தா ஃப்ளாஷ் வெளிச்சத்த திருப்பி அடிச்சு முகம் மட்டும் வெள்ளையா நிக்கும். ட்ரையல் அன்னிக்கு இருட்டு ரூம்ல ஃப்ளாஷ் போட்டு போன்ல ஒரு போட்டோ எடுத்தாலே தெரிஞ்சுடும்.

1975ல ஹார்வர்டு டாக்டர் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல வெயிலுக்கு எப்படி மாறுதுன்னு பாத்து வகைப்படுத்தினாரு, இப்ப அது ஆறு வகை, தமிழ்நாட்டு ஆளுங்க பெரும்பாலும் 4ல இருந்து 6க்குள்ள, அதாவது மாநிறத்துல இருந்து கருப்பு வரைக்குள்ள வருவாங்க. உங்க கிட் அந்த எல்லைக்குள்ளதான் இருக்கணும், கடைக்காரர் காட்டின பெட்டியில பாதி ஷேடு நம்ம ஊர்ல யாருக்கும் ஆகாத ஷேடு. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமான்னு பாத்து அண்டர்டோன் (தோலுக்கு அடியில தெரியிற சாயல்) சொல்றதும் நம்ம நிறத்துல சரியா வராது, நரம்பே தெரியாது பாதி பேருக்கு. தாடை ஓரத்துல இருந்து கழுத்து வரைக்கும் மூணு ஷேட பக்கத்துல பக்கத்துல கோடு போடுங்க, வாசலுக்கு வந்து வெயில் நேரா படாத வெளிச்சத்துல பாருங்க, பதினஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க, சிலது காத்து பட்டு, எண்ணெய் ஊறி கருத்துப் போகும். எது காணாமப் போகுதோ அதுதான் அந்தப் பொண்ணோட ஷேடு.

நலங்கு வச்சு மஞ்சள் பூசின முகத்துல ஷேடு பாக்காதீங்க, ரெண்டு மூணு நாள் மஞ்சள் நிக்கும், ஏமாத்திடும். கல்யாணத்துக்கு முந்தின நாள் ப்ளீச், த்ரெடிங், ஃபேஷியல் மூணையும் ஒண்ணாப் பண்ணிட்டு வரவங்களுக்கும் முன்னாடியே சொல்லிடுங்க, அதெல்லாம் நாலஞ்சு நாள் முன்னாடி முடிஞ்சிருக்கணும்.

நம்மள்ல நிறைய பேருக்கு நெத்தி ஓரம், வாயச் சுத்தி, கன்னத்து மேல ஒரு நிறம், நடு முகம் வேற நிறம். அங்க கனமா ஃபவுண்டேஷன் அப்பாம கருமைய சரிக்கட்டுற ஆரஞ்சு கரெக்டர மெல்லிசா வச்சு மேல ஷேடு போட்டா போதும். கழுத்துலயும் நெத்தி ஓரத்துலயும் வெல்வெட் மாதிரி தடிப்பா கருத்திருந்தா அது அழுக்கு இல்லைங்க, உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலன்னு தோல் காட்டுற அடையாளமா இருக்கலாம். தேய்க்கவும் கூடாது, சொல்லிக் காட்டவும் கூடாது. தனியா இருக்கிறப்ப, ஒரு தடவ சுகர் டெஸ்ட் எடுத்துப் பாருங்க அக்கான்னு சொன்னா அவங்க உங்கள மறக்க மாட்டாங்க.

வெள்ளையாக்கிக் குடுங்கன்னு கேக்கிற வீடுகள் வரும். உங்க கலர்லயே பளபளன்னு ஆக்கித் தரேன்னு தைரியமா சொல்லுங்க. அதுல ஒரு ரெண்டு ஆர்டர் போனா போகட்டும், போட்டோ நல்லா வந்தா பத்து ஆர்டர் வரும்.

20,000ல என்ன வாங்கலாம்

ஒரே கம்பெனி, ஒரே வரிசையில நேச்சுரல் மேட் லிக்விட் நாலு ஷேடு, மீடியம், டேன், டீப் டேன், டீப், முடிஞ்ச வரை மஞ்சள் சாயல் உள்ளது. ஒரே வரிசைன்னா ஒண்ணோட ஒண்ணு பிரியாமக் கலக்கும், நாலுல இருந்து எத்தனையோ ஷேடு நீங்களே பண்ணிக்கலாம். வறண்ட முகத்துக்கு மினுமினுப்பு லிக்விட் ரெண்டு ஷேடு. கரெக்டர் கன்சீலர் சேந்த ஒரு க்ரீம் பேலட், நல்லா நைஸான செட்டிங் பவுடர் ஒண்ணு, ஜெல் மாய்ஸ்சரைசர் ஒண்ணு, வாசனை இல்லாத க்ரீம் ஒண்ணு. ஃபவுண்டேஷன் வகையில இது போதும், ஸ்கின் டைப் அஞ்சும் இதுக்குள்ள அடங்கிடும். சிவந்த நிறத்துப் பொண்ணு ஒண்ணு வந்தா அந்த ஆர்டர் அட்வான்ஸ்ல ஒரு வெளிர் ஷேடு வாங்கிக்கலாம்.

வாங்குறப்ப டப்பாவத் திருப்பிப் பாருங்க. தயாரிச்ச கம்பெனி பேரு, விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி, உள்ள என்ன இருக்குங்கிற பட்டியல் இதெல்லாம் சட்டப்படி இருக்கணும். வெளிநாட்டுப் பொருள்னா இறக்குமதி பண்ணினவங்க பேரும் பதிவு நம்பரும் இருக்கணும். இது இல்லாத பெரிய பெட்டி எவ்வளவு சீப்பா குடுத்தாலும் வேணாம். பில்லு கட்டாயம் வாங்குங்க, நாளைக்கு ஏதாவது ஆனா உங்க கையில இருக்கிற ஒரே ஆதாரம் அது.

மீதிப் பணத்துல ஒரு பங்க சுத்தத்துக்கு ஒதுக்கியே ஆகணும். ஸ்டீல் தட்டும் சின்ன கரண்டியும் வாங்கி, எந்தப் பொருளா இருந்தாலும் வழிச்சு தட்டுல வச்சுத்தான் முகத்துக்குக் கொண்டு போகணும், டப்பாவுக்குள்ள பிரஷ்ஷோ விரலோ போகவே கூடாது. தட்ட 70 சதவீதம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு துடைங்க, 99ஐ விட 70தான் நல்லா கிருமியக் கொல்லும், சீக்கிரம் ஆவியாகாம நிக்கும். ஸ்பாஞ்ச் ஆளுக்கு ஒண்ணு, முடிஞ்சதும் பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க, அந்தக் காச பேக்கேஜ்ல சேத்துக்கோங்க. மஸ்காராவுக்கு ஒரு தடவ யூஸ் பண்ணித் தூக்கிப் போடுற குச்சி கிடைக்குது. பிரஷ் ரெண்டு செட் வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆளுக்கப்புறமும் ஷாம்பூ போட்டுக் கழுவிக் காய வைங்க. உதட்டோரம் கொப்புளம் இருந்தா லிப்ஸ்டிக் போடாதீங்க, மெட்ராஸ் ஐ இருந்தா கண் மேக்கப்பே கிடையாதுன்னு புக்கிங் எடுக்கிறப்பவே சொல்லிடுங்க.

பாட்டில் திறந்த அன்னிக்கே தேதிய ஸ்கெட்ச்ல எழுதி ஒட்டிடுங்க. மூடி திறந்த டப்பா படம் போட்டு 12 எம்னு இருந்தா திறந்து 12 மாசம்னு கணக்கு. வாசனை மாறினாலோ எண்ணெய் தனியா பிரிஞ்சாலோ அதுக்குள்ளயே வேணாம்னு எடுத்துடுங்க. வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி, கேட்ட கேள்விக்கு அவங்க சொன்ன பதில், என்னென்ன போட்டீங்க, எந்த ஷேடோட எது எவ்வளவு கலந்தீங்க, எல்லாத்தையும் எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க, அதே பொண்ணு ரிசப்ஷனுக்கு வரப்ப ஷேடு தேட வேண்டியதில்ல, ஏதாவது ஒத்துக்காம போனாலும் என்ன போட்டோம்னு டாக்டர்கிட்ட உடனே காட்டலாம்.